குதிரைப் படம் போட்ட உறை

லாரல் கேப், கென்டக்கி
2 மார்ச் 1997

அன்புள்ள மிஸ் ஓபலுக்கு,

ஹாலிஸ் நேப்பியர் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே டேட்டனில் நீங்களும் மகன் டுவெயினும் சுகம்தானே. எனக்குக் கை நடுங்குவதால், பக்கத்து வீட்டு ஜெனிவா நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். எழுத்தும் மலைப்பாதை மாதிரிதான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையை மூடிவிட்டு நீங்கள் ஒஹாயோ போய் இருபது வருஷம் ஆகிறது. வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறீர்கள். நான் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை. ஆனால் இருபது அட்டைகளும் ரெக்கார்ட் அலமாரியின் மேல் வரிசையாக நிற்கின்றன. மூன்றாவது வருஷம் வந்ததில் ஒரு சிவப்புக் குருவி. அதுதான் எனக்குப் பிடித்தது.

என்னிடம் இப்போது நானூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகள் இருக்கின்றன, எல்லாம் பழைய கன்ட்ரி பாட்டு. பாதிக்கு மேல் உங்கள் கடையில் வாங்கியவை. அந்தக் கடையில் முன்னால் விற்பனைக்குச் சோபாவும் கட்டிலும், பின்னால் ரெக்கார்ட் கவுண்டர். இப்போது ஊரே சிடிக்கு மாறிவிட்டது, பழைய தட்டுகளைத் தெருவில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதனால் என்னைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. போன வாரம் லெக்சிங்டனிலிருந்து ஒருத்தர் வந்தார்.

"எந்த வரிசைலங்க அடுக்கி வச்சிருக்கீங்க? பாடகர் பேர் வரிசையா?"

"வாங்குன நாள் வரிசை."

"நானூறையுமா? எப்படி ஞாபகம் இருக்கும்?"

"உங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

"மூணு."

"யாரு மூத்ததுன்னு எழுதியா வச்சிருக்கீங்க?"

அதற்கப்புறம் அவர் தட்டுகளைத்தான் பார்த்தார்.

உங்களுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று சர்ச்சில் பேசிக்கொண்டார்களாம். ஜெனிவா வந்து சொன்னாள். கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. எவ்வளவு மந்தம், டாக்டர் என்ன சொல்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தக் கவுண்டருக்கு முன்னால் வாடிக்கைக்காரனாக நின்ற பத்தொன்பது வருஷத்துக்கு நான் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டவன்.

இப்படிக்கு
ஹாலிஸ் நேப்பியர்

(நான் ஜெனிவா. இந்த மனுஷர் வேறு ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், மூன்று தடவை எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறார். அடுப்பு எரியவேயில்லை.)


டேட்டன், ஒஹாயோ
16 மார்ச் 1997

அன்புள்ள ஹாலிஸ்,

இருபது அட்டைக்கு ஒரு பதில். அடுத்ததற்கு நான் தொண்ணூறு வயது வரை இருக்கவேண்டும் போல. கோபமில்லை. உறையின் மேல் லாரல் கேப் தபால் முத்திரையைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே பிரித்துவிட்டேன், கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

காதைப் பற்றிக் கேட்டீர்கள். இடது காது போய்விட்டது. வலது காது இந்த இலையுதிர்காலம் வரை தாங்கும் என்கிறார் டாக்டர். கருவி வைத்தாலும் பேச்சு கொஞ்சம் கேட்குமாம், பாட்டு கேட்காதாம். டுவெயின் என் முகத்துக்கு நேரே வந்து கத்துகிறான். "அம்மா, சூப்பு வேணுமா" என்று அவன் கத்துகிற கத்தலுக்குத் தெருவே கிண்ணத்தோடு வந்து நிற்கும்.

காது போகும் முன் என்னென்ன கேட்கவேண்டும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். உண்மையில் ஒன்றுதான். என் ஆர்லிஸ் பாடிய தட்டு. உங்களுக்குத் தெரிந்திருக்காது. எழுபதாம் வருஷம் சின்சினாட்டியிலிருந்து கம்பெனிக்காரர் ஒருவர் மெஷினோடு வந்து, கடையின் பின்னறையில் வைத்துப் பதிவு செய்தார். கேட்டுப் பார்க்கவென்று ஒரே ஒரு தட்டு போட்டு அனுப்பினார், பெயர்கூட எழுதாத வெள்ளை லேபிள். அதோடு சரி, ரெக்கார்ட் வெளியே வரவேயில்லை. நான்தான் அதைக் கெடுத்தேன், பாட்டு நடுவில் சிரித்துத் தொலைத்தேன். மறு வருஷம் பனியில் லாரி கவிழ்ந்து ஆர்லிஸ் போய்விட்டார். தட்டு கடையில் மற்றவற்றோடு எங்கோ கலந்து காணாமல் போயிற்று, எழுபத்தேழில் வெள்ளம் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று. நீங்களும்தான் சேற்றில் என்னோடு நாலு நாள் மண்வெட்டியோடு நின்றீர்களே. அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

இல்லாததைக் கேட்க ஆசைப்படுகிறேன். வயதானால் இப்படித்தான்.

இங்கே கடையில் விற்கும் பீன்ஸில் தண்ணீர் ருசிதான். நூலில் கோத்துக் காயவைத்த நம்மூர் பீன்ஸ் தின்று வருஷமாகிறது என்று ஜெனிவாவிடம் சொல்லுங்கள்.

உங்கள்
ஓபல் சைஸ்மோர்


லாரல் கேப்
24 மார்ச் 1997

மிஸ் ஓபலுக்கு,

உங்கள் கடிதத்தை ஜெனிவா படித்துக் காட்டினாள். இரண்டாம் தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை அவளே என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டாள்.

அந்தத் தட்டு வெள்ளத்தில் போகவில்லை. என் வீட்டில் இருக்கிறது, கீறல் இல்லாமல்.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். 1973 ஏப்ரல் 14, சனிக்கிழமை. நீங்கள் பச்சைக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தீர்கள். வெளியே தூறல். வெர்ன் டாலிவரின் புது ரெக்கார்ட் வந்திருந்தது. அட்டையில் சிவப்புக் களஞ்சியம், பக்கத்தில் வெள்ளைக் குதிரை. உங்கள் கடை வழக்கம் தெரிந்ததுதானே. திருட்டுப் போகாமலிருக்க அலமாரியில் வெறும் உறை மட்டும் நிற்கும், தட்டெல்லாம் லேபிள் மட்டும் தெரிகிற காகித உறையில் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும். நான் குதிரை உறையைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு அம்மா சோபா நீளம் கேட்டுக்கொண்டு நின்றார். நீங்கள் அவரோடு பேசிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் ஒரு தட்டை உருவி, லேபிளை என் பக்கம் நீட்டினீர்கள்.

"சரியான தட்டான்னு பாத்துக்கங்க ஹாலிஸ்."

"சரியாத்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்து உருவினால் வெள்ளை லேபிள். டாலிவருக்கு எப்போதும் சிவப்புதான். சரி, என்னவென்று பார்ப்போம் என்று ஊசியை வைத்தேன். ஸ்டீல் கிட்டார். ஒரு மனிதர் பாடுகிறார். ஓரிடத்தில் ஒரு பெண் சிரிக்கிறாள். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும், பதினைந்து வருஷமாகக் கேட்டது.

மறுநாளே கொண்டுவந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்றால், மிஸ் ஓபல், எனக்குப் படிக்கத் தெரியாது. கை நடுக்கம் என்று எழுதச் சொன்னது பொய். ஏழு வயதில் அப்பாவோடு மரம் அறுக்கப் போனவன், பள்ளிக்கூடம் உள்ளே எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. என் முன்னால் யாராவது எழுத்தை நீட்டினால், படித்தவன் எவ்வளவு நேரம் பார்ப்பானோ அவ்வளவு நேரம் பார்ப்பேன். மனதுக்குள் ஐந்து எண்ணுவேன். பிறகு தலையாட்டுவேன். அந்த ஐந்து எண்ணும்போது கண் முன்னால் யானை நின்றாலும் தெரியாது. அன்று வெள்ளை லேபிள் நின்றது.

திருப்பிக் கொண்டுவந்தால், "லேபிளப் பாத்துட்டுத்தானே சரின்னீங்க" என்பீர்கள். நான் என்ன சொல்வது.

அடுத்த சனிக்கிழமை நீங்களே கேட்டீர்கள். "வெள்ள லேபிள் போட்ட தட்டு ஒண்ணு, எங்கயாச்சும் கண்ணுல பட்டுச்சா?" நான் "இல்லையே" என்றேன். ஒரு வார்த்தை. அதன் மேல் இருபத்துநாலு வருஷம் கட்டியாகிவிட்டது.

வெள்ளத்துக்கு எனக்கு நன்றி சொல்கிறீர்கள். நான்காம் நாள் நீங்கள் சேற்றில் முழங்கை வரை விட்டு, தட்டு தட்டாக எடுத்து லேபிளைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தீர்கள். என்ன தேடுகிறீர்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். என் வீட்டு அலமாரியில் காய்ந்து கிடப்பதை உங்களோடு சேற்றில் நின்று தேடினேன். அதற்கு நன்றி சொல்லாதீர்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் ஜெனிவா பேனாவை வைத்துவிட்டாள். "இருபது வருஷமா வாங்குற பேப்பர என்ன பண்ணுன?"

"அடுப்பு பத்த வைக்க."

"என்கிட்ட செய்தியெல்லாம் பேசுவியே?"

"ரேடியோ."

தட்டை எப்படி அனுப்பவேண்டும் என்று சொல்லுங்கள்.

ஹாலிஸ்

(கீழே இருக்கிற வட்டமும் கோடும் அவரே போட்டது. தன் தட்டுகளின் உறைக்குள் எல்லாம் இதைத்தான் போட்டு வைத்திருக்கிறார். – ஜெ.)


லாரல் கேப்
27 ஏப்ரல் 1997

மிஸ் ஓபலுக்கு,

ஒரு மாதமாகத் தபால்பெட்டி வரை போய்வருகிறேன். முழங்காலுக்கு நல்லது என்கிறாள் ஜெனிவா.

நீங்கள் எழுதாவிட்டால் பரவாயில்லை, அது உங்கள் நியாயம். ஆனால் இலையுதிர்காலத்துக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது. என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் அதற்கப்புறமும் படலாம். தட்டைக் கேட்பதற்கு மட்டும் அப்புறம் என்பது இல்லை.

ஹாலிஸ்


டேட்டன்
11 மே 1997

ஹாலிஸ்,

ஆறு வாரமாகக் கோபமாக இருந்தேன். முதல் வாரம் உங்கள்மேல், பாத்திரமெல்லாம் சத்தம் போட்டது. எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் என்மேல். அதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்கு 1958லிருந்து தெரியும்.

மறந்துவிட்டீர்களா? அந்த வருஷம் ஒரு ரெக்கார்ட் வாங்கினீர்கள், அட்டையில் படகு. மூன்று மாதம் கழித்து கம்பெனி அதே ரெக்கார்டைப் பாலம் படம் போட்ட புது அட்டையில் விட்டது. அதையும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனீர்கள். பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மாற்றிக்கொள்ளவும் வரவில்லை. அன்றைக்குப் புரிந்தது. ஒரு புத்தகமும் அச்சு எழுத்தும் இல்லாமல் இந்த மனிதர் இத்தனை பாட்டையும் தலைக்குள் வைத்திருக்கிறாரே என்று அசந்துபோனேன். யாரிடமும் சொல்லவில்லை, ஆர்லிஸிடம்கூட.

அடுத்த தடவை நீங்கள் வந்தபோது என்ன சொன்னேன்? "இது புதுக் கண்ணாடி ஹாலிஸ், இன்னும் பழகல. சத்தமாப் படிச்சாத்தான் பிடிபடுது." அட்டையின் பின்பக்கம் முழுவதையும் படித்தேன். பாடியவர், வாசித்தவர், எந்த ஊர், எல்லாம். உங்கள் கண் என் வாயிலேயே இருந்தது. அன்றிலிருந்து நீங்கள் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் படித்தேன். அந்தக் கண்ணாடி பத்தொன்பது வருஷம் புதுசாகவே இருந்தது.

ஆகவே எனக்கு எப்போதோ தெரிந்த ஒன்றை என்னிடமிருந்து மறைக்கத்தான் என் புருஷன் குரலை வைத்துக்கொண்டீர்கள். இதை எழுதும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தப்பு உங்களுடையது மட்டுமல்ல. லேபிளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எல்லோரிடமும் நீட்டுவேன். உங்களிடம் நீட்டாவிட்டால் நீங்கள் வித்தியாசமாக நினைப்பீர்களே என்று உங்களிடமும் நீட்டுவேன். நீட்டும் முன் நானே ஒருமுறை பார்த்துக்கொள்வேன், உங்களுக்காக. அன்று அந்தச் சோபாக்கார அம்மாவால் பார்க்கவில்லை. உறையில்லாத டாலிவர் தட்டு ஒன்று நாலு வருஷம் என் கவுண்டருக்கு அடியில் கிடந்தது. எவனோ குதிரைப் பிரியன் உறையைத் திருடிவிட்டான் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் யோசித்தேன். அன்று நான் சரியான தட்டை எடுத்துக் கொடுத்திருந்தால், ஆர்லிஸ் கவுண்டருக்குப் பின்னாலேயே இருந்திருப்பார். எழுபத்தேழில் மற்றவற்றோடு ஆற்றில் போயிருப்பார். நீங்கள் நன்றி வேண்டாம் என்றாலும் இதற்கு நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தபாலில் போடாதீர்கள். இந்த வெயிலில் தபால் வண்டிக்குள் தட்டு அப்பளமாக வளைந்துவிடும். கொண்டுவாருங்கள். பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறாரே.

ஓபல்


டேட்டன்
5 அக்டோபர் 1997

அன்புள்ள ஹாலிஸ்,

ஜூன் மாதம் நீங்களும் ஜெனிவாவும் வந்துபோனதைப் பற்றி டுவெயின் இன்னும் பேசுகிறான். நூற்றைம்பது மைலுக்கு மேல், நாற்பது மைல் வேகத்தில், ஒவ்வொரு ரயில் கேட்டிலும் பள்ளிக்கூட பஸ் சட்டப்படி நின்று, கதவைத் திறந்து பார்த்து வந்தீர்களாமே. "முப்பது வருஷப் பழக்கம், காலு தன்னால பிரேக்குக்குப் போகுது" என்று ஜெனிவா சொன்னது எனக்குக் கேட்டது. பீன்ஸ் தீர்ந்துவிட்டது. உங்கள் மடியில் தட்டு இருந்த விதத்தை மறக்கமாட்டேன், குளித்துவிட்டு வந்த குழந்தை மாதிரி துண்டில் சுற்றி.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் தினம் கேட்டேன். செப்டம்பர் இருபதாம் தேதி வாக்கில் முதலில் ஸ்டீல் கிட்டார் போயிற்று, பிறகு ஆர்லிஸ். இப்போது தட்டு சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். நான் அழவில்லை. கேட்காமலே போயிருப்பேன், கேட்டுவிட்டேன். அது உங்களால்.

தட்டை டுவெயின் கையில் கொடுத்தனுப்புகிறேன். காது உள்ளவர் வீட்டில் இருக்கட்டும். கூடவே இன்னொன்றும் வருகிறது. இங்கே ஒரு சர்ச்சில் பழைய சாமான் விற்றார்கள். பெட்டியின் அடியில் வெர்ன் டாலிவர், சிவப்பு லேபிள். இந்தத் தடவை கண்ணாடி போட்டு நானே பார்த்தேன். இருபத்துநாலு வருஷம் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

ஒரு வேலை செய்வீர்களா? சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆர்லிஸைப் போடுங்கள். அவர் ரேடியோவில் பாடிய நேரம் அது. போட்டுவிட்டு, என்ன கேட்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அட்டையின் பின்பக்கத்தை நான் உங்களுக்குப் படித்த மாதிரி.

இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டை மட்டும் விட்டுவிடலாம். கதாநாயகி பெயருக்குப் பதில் எங்கள் மாட்டின் பெயரைப் பாடிவிட்டார், நான் சிரித்துவிட்டேன். ஜூனில் கேட்டபோதும் அந்த இடத்தில் எனக்கு முகம் சுருங்கியது. அந்தச் சிரிப்பால்தான் கம்பெனி ரெக்கார்டை வெளியிடவில்லை. ஆர்லிஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் என்னிடம் பேசவில்லை, திட்டவுமில்லை. பேசாமலே போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

உங்கள்
ஓபல்


லாரல் கேப்
18 அக்டோபர் 1997, சனிக்கிழமை

அன்புள்ள மிஸ் ஓபலுக்கு,

டுவெயின் நேற்று வந்து இரண்டு தட்டையும் கொடுத்தான். டாலிவரை உடனே போட்டுக் கேட்டேன். படுமோசம். குதிரை மட்டும்தான் தேறும். இருந்தாலும் நீங்கள் கொடுத்தது, வாங்கிய நாள் வரிசையில் கடைசியாக வைத்திருக்கிறேன். நானூற்றுப் பதின்மூன்று.

இன்று பத்து மணிக்கு ஆர்லிஸைப் போட்டோம். ஜெனிவா எழுதுகிறாள், நான் கேட்டுச் சொல்கிறேன்.

முதல் பக்கம், முதல் பாட்டு. தொடங்குமுன் காலால் தரையில் நாலு தட்டு தட்டுகிறார். பலகைத் தரை, அதில் ஒரு பலகை தளர்ந்தது, மூன்றாவது தட்டு மட்டும் வேறு மாதிரி விழுகிறது. ஸ்டீல் கிட்டார் கீழிருந்து ஏறுகிறது, கெட்டில் கொதிக்கத் தொடங்குகிற மாதிரி. குரல் அவசரப்படவில்லை. இரண்டாம் பாட்டில் எங்கோ தூரத்தில் நாய் குரைக்கிறது. அவர் அதற்காக ஒரு மூச்சு விடும் நேரம் நின்று, பிறகு பாடுகிறார். நான்காம் பாட்டின் முடிவில் தொண்டை கொஞ்சம் கரகரக்கிறது. தண்ணீர் குடிக்கிற சத்தம், கோப்பையை மரத்தின் மேல் வைக்கிற சத்தம்.

இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டை விடவில்லை. மாட்டின் பெயர் பெஸ்ஸி என்று கேட்கிறது. உங்கள் சிரிப்பு முதலில் மூக்கில் வருகிறது, அடக்கிப் பார்க்கிறீர்கள், முடியவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வரி முழுவதும் சிரிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் பாடுகிறார். இதில் எது கெட்டுப்போனது என்று எனக்கு விளங்கவில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். ஜூனில் கடைசிப் பாட்டு முடிந்ததும் நீங்கள் கை நீட்டி ஊசியை எடுத்துவிட்டீர்கள். கடைக்காரர் கை, ஊசி தேயக்கூடாது என்று பழகிய கை. எழுபதிலும் அப்படித்தான் எடுத்திருப்பீர்கள். நான் எடுக்கமாட்டேன். பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்குமே, அதில் கம்பெனிக்காரர்கள் ஊசியால் கீறிய குறிகள் இருக்கும். எழுத்து தெரியாத நான் அசல் தட்டையும் மறுபதிப்பையும் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன், ஒன்று கொக்கி மாதிரி, ஒன்று கோழிக்கால் மாதிரி. அந்த வளையத்தையே பார்த்துப் பழகியதால், எந்தத் தட்டையும் ஊசி அதைத் தொடும் வரை ஓடவிடுவேன். இதில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஆர்லிஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று நீங்கள் எழுதியதை ஜெனிவா படித்தபோதுதான் தெரியாது என்று தெரிந்தது.

கடைசிப் பாட்டு முடிகிறது. கதவு திறந்து மூடுகிறது, நீங்கள் முன்னால் கடைக்குப் போயிருப்பீர்கள். நாற்காலி கிரீச்சிடுகிறது. பதிவு மெஷினை இன்னும் நிறுத்தவில்லை போலிருக்கிறது, ரொம்பத் தாழ்வாக, இரண்டு ஆண் குரல். ஜெனிவா காதை ஸ்பீக்கர் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டு இரண்டு தடவை சரிபார்த்து எழுதியிருக்கிறாள்.

வேற்றாள் சொல்கிறார்: "அந்த மூணாவது பாட்ட மறுபடி எடுத்துருவோம் ஆர்லிஸ். உங்க வீட்டம்மா சிரிச்சது விழுந்துருச்சு. இப்படியே போட எங்க முதலாளி ஒத்துக்க மாட்டாரு."

ஆர்லிஸ் சொல்கிறார்: "அவ சிரிச்சது இருக்கட்டும்."

"சிரிப்போட யாரு வாங்குவா?"

"நான் வாங்குவேன். அத எடுத்துட்டா எனக்கு இந்த ரெக்கார்டே வேண்டாம்."

அவ்வளவுதான். ஒரு கிட்டார்க் கம்பி தானாக அதிர்ந்து அடங்குகிறது.

அட்டையின் பின்பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டேன், மிஸ் ஓபல்.

என்றும் நன்றியுள்ள
ஹாலிஸ் நேப்பியர்